மீனைக் கடைசியாக வாங்குங்கள்: மேசைத் தொட்டியில் ஒரு ஃபைட்டர்

ஃபைட்டர் மீனை நான் முதன்முதலில் பார்த்தது ஹார்லிக்ஸ் பாட்டிலில். தெருவில் நாலைந்து பையன்களிடம் அப்படி ஒரு பாட்டில் இருக்கும். இரண்டு பாட்டில்களை ஒட்டி வைத்தால் உள்ளே இருக்கும் இரண்டும் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியை முட்டும். ஒரு மாதம் போவதற்குள் மீன் செத்துவிடும். “ஃபைட்டருக்கு அவ்ளோதான் ஆயுசு” என்பார் கடைக்காரர். நாங்களும் நம்பினோம். சரியாக வளர்த்தால் இரண்டிலிருந்து நான்கு ஆண்டு வரை வாழக்கூடிய மீன் அது என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

இன்று அந்தப் பாட்டிலின் இடத்தில் அழகான கண்ணாடிக் கிண்ணம் வந்திருக்கிறது. அலுவலக மேசையில், படிப்பு மேசையில், வரவேற்பறை மூலையில் வைக்கிறார்கள். மீனுக்கு எதுவும் மாறவில்லை. கிண்ணத்தை விற்பவர் சொல்லும் காரணமும் பழையதுதான்: “இது மேல வந்து காத்தைக் குடிச்சுக்கும் சார், பெரிய தொட்டி, மோட்டார் எதுவும் வேணாம்.”

இதில் பாதி உண்மை. செவுள் போக, காற்றை நேரடியாகச் சுவாசிக்க இந்த மீனுக்குத் தலையில் ஒரு தனி உறுப்பு உண்டு. நம் ஊர் பனையேறிக் கெண்டைக்கும் அதே உறுப்புதான். மழை நாளில் அது குளத்தை விட்டுக் கரையேறி நகர்வது அந்த உறுப்பின் பலத்தால்தான். ஃபைட்டரின் இன்னும் நெருங்கிய உறவு ஒன்றும் நம் வாய்க்கால்களில் வாழ்கிறது. விரலளவுகூட இல்லாத அந்தச் சிறு மீனுக்கு 1831-இல் அறிவியல் பெயர் வைத்தபோது புதுச்சேரியை ஒட்டிய அரியாங்குப்பம் ஆற்றின் பெயரையே வைத்தார்கள்: ‘குபானஸ்’. ஆக, காற்றைக் குடிக்கும் மீன் நமக்குப் புதிதல்ல.

ஆனால் மூச்சு வேறு, தண்ணீர் வேறு. மீன் தன் கழிவை அம்மோனியாவாக, பெரும்பாலும் செவுள் வழியாகவே, தான் இருக்கும் தண்ணீரில் விடுகிறது. மூன்று லிட்டர் கிண்ணத்தில் அந்த அம்மோனியா போக வழியில்லை. மேலே வந்து காற்றைக் குடிப்பதால் மூச்சு முட்டாமல் இருக்கலாம்; செவுளும் தோலும் வெந்துபோவதை அது தடுக்காது. ஹார்லிக்ஸ் பாட்டில் மீன்கள் மூச்சில்லாமல் சாகவில்லை. தங்கள் கழிவிலேயே கிடந்து செத்தன. கீழே நான் சொல்பவை எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றியே வரும்.

தொட்டி: செய்ய வேண்டியவை

• 20 லிட்டருக்குக் குறையாத தொட்டியாகப் பாருங்கள். கடையில் அங்குலக் கணக்கில்தான் பேசுவார்கள். 18-க்கு 10-க்கு 10 என்று கேளுங்கள். மேலே இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் ஏறக்குறைய 23 லிட்டர் பிடிக்கும். சாதாரண மேசையின் ஓரத்தில் அடங்கிவிடும். 12-க்கு 8-க்கு 8 தொட்டியில் 10 லிட்டர்தான் நிற்கும். அதில் வளர்க்க முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு வாரம் நீங்கள் ஊருக்குப் போனால் அது மன்னிக்காது. தண்ணீர் எவ்வளவு கூடுதலோ, தவறைத் தாங்கும் சக்தியும் அவ்வளவு கூடுதல். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் சின்னத் தொட்டிதான் கடினம்.

• உயரத்தைப் பார்க்காதீர்கள், நீளத்தைப் பாருங்கள். தாய்லாந்தின் நெல்வயல்களிலும் செடி அடர்ந்த ஆழமில்லாத சதுப்புகளிலும் வாழ்ந்த இனம் இது. அகலமான துடுப்புகளைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஏறி வரவேண்டிய மீனுக்குக் கோபுரம் போன்ற தொட்டி ஓயாத வேலை.

• மேசையின் பலத்தைச் சோதியுங்கள். 18 அங்குலத் தொட்டி தண்ணீர், கண்ணாடி, மணல் எல்லாம் சேர்ந்து 30 கிலோவைத் தாண்டும். மடக்கு மேசையும் நடுவில் தொய்யும் பலகையும் ஆகாது. தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மோகோல் அட்டை போட்டால் சிறு மேடுபள்ளங்களை அது வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஒரு மூலையில் விழும் அழுத்தம் ஒருநாள் கண்ணாடியைப் பிளந்துவிடும்.

• புதிய தொட்டியோ பழையதோ, மேசைக்கு ஏற்றுமுன் ஒரு நாள் முழுக்க மொட்டை மாடியிலோ குளியலறையிலோ நிரப்பி வைத்துக் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

• மூடி கட்டாயம். ஃபைட்டர் துள்ளும். காலையில் மேசைக்கடியில் காய்ந்து கிடந்த மீனை எடுத்தவர்கள் மூடியின் அருமையைச் சொல்வார்கள். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே இரண்டு அங்குலம் காற்று இருக்கட்டும். மீன் குடிப்பது அந்த வெதுவெதுப்பான, ஈரமான காற்றைத்தான். பல்லி, கரப்பான் விழாமலும் மூடி காக்கும்.

தொட்டி: செய்யக்கூடாதவை

• கிண்ணம், பூச்சாடி, சுவரில் மாட்டும் தட்டைப் பெட்டி, நடுவில் கண்ணாடித் தடுப்பு வைத்து ‘இரண்டு ஃபைட்டர் வளர்க்கலாம்’ என்று விற்கும் குட்டித் தொட்டி: எதுவும் வேண்டாம். கடைசியாகச் சொன்னது கொடுமையிலும் கொடுமை. எதிரியை இருபத்துநான்கு மணி நேரமும் கண்முன்னே வைத்துக்கொண்டு எந்த உயிரும் நிம்மதியாகத் தூங்காது.

• சன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் வைக்காதீர்கள். பாசி படரும் என்பது சின்னக் குறை. சித்திரை வெயிலில் 20 லிட்டர் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் சுடும் என்பதுதான் பெரிய குறை. வாஸ்து பார்த்து வீட்டில் வடகிழக்கு மூலைதான் வேண்டும் என்றால் அங்கேயே வையுங்கள். சன்னலுக்குத் திரை போட்டுக்கொள்ளுங்கள்.

• ஏ.சி.யின் காற்று நேராக அடிக்கும் இடமும் கூடாது. இந்த மீனுக்கு 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் ஏற்றது. சென்னை, மதுரை போன்ற ஊர்களில் சாதாரண அறையில் ஆண்டின் பெரும்பகுதி ஹீட்டர் தேவைப்படாது. இரவு பகலாக ஏ.சி. ஓடும் அலுவலகத்திலும், ஊட்டி, கொடைக்கானல் வீடுகளிலும் தொட்டிக்கு ஏற்ற ஹீட்டர் ஒன்று வேண்டும். தானாக நின்று இயங்கும் தெர்மோஸ்டாட் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

தண்ணீர்

பெரும்பாலோர் செய்யும் தவறு இங்கேதான். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய்த் தொட்டி, கல், விளக்கு, மீன் எல்லாவற்றையும் ஒரே கையோடு வாங்கிவந்து, அன்று மாலையே மீனை உள்ளே விட்டுவிடுகிறோம். குழந்தை அழும், கடைக்காரர் ‘ஒண்ணும் ஆகாது’ என்பார், நமக்கும் ஆசை. ஆனால் அன்று அந்தத் தொட்டி வெறும் கண்ணாடிப் பாத்திரம். அதற்குள் கழிவைச் செரிக்க யாரும் இல்லை.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் உண்டு. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு; மூன்றாவது அளவோடு இருந்தால் தாங்கும். இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டரின் பஞ்சிலும் மணலிலும் கண்ணாடியிலும் ஒட்டி வளரும். தயிருக்கு உறை குத்துவது போலத்தான். பால் மட்டும் இருந்தால் போதாது, பொறுக்கவும் வேண்டும். வெறும் தொட்டியில் தொடங்கினால் நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

• மீன் இல்லாமலே தொட்டியை ஓடவிடுங்கள். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போடுங்கள். அது அழுகி அம்மோனியா தரும், பாக்டீரியாவுக்கு அதுதான் சாப்பாடு. சொட்டு மருந்தும் சோதனைக் குழாயும் கொண்ட டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி, சில நாளைக்கு ஒருமுறை பாருங்கள். அம்மோனியா ஏறி இறங்கும், பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் தெரிகிற நாளில் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கக் கிளம்பலாம்.

• உறை கிடைத்தால் விடாதீர்கள். நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம், ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபில்டர் பஞ்சு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டியில் போட்டால் வாரக் கணக்கு வெகுவாகக் குறையும். அப்போதும் டெஸ்ட் கிட் சொல்வதை மட்டும் நம்புங்கள்.

• குழாய்த் தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் கலந்திருக்கும். அது மீனின் செவுளையும் எரிக்கும், நீங்கள் காத்து வளர்த்த பாக்டீரியாவையும் கொல்லும். கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டுகளை, பாட்டிலில் சொன்ன அளவில் ஊற்றுங்கள். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தாலும் குளோரின் பெரும்பாலும் போய்விடும். ஆனால் சில இடங்களில் சேர்க்கப்படும் குளோரமின் அப்படிப் போகாது. சொட்டு மருந்தே உறுதி.

• போர் தண்ணீரானால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் அமில-கார அளவு, அதாவது பி.எச்., பெரும்பாலும் 7-க்கு மேலே, சில வீடுகளில் 8-ஐத் தொடும். பி.எச். ஓர் எண் ஏறினால் அம்மோனியாவின் நஞ்சான பங்கு ஏறக்குறைய 10 மடங்காகிறது. நண்பர் வீட்டில் அதே அளவு அம்மோனியாவில் மீன் நன்றாக இருக்க, உங்கள் வீட்டில் சாவதற்கு இது காரணமாக இருக்கலாம். தண்ணீர் மிகவும் உப்பாக இருந்தால் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். தொடங்கிய கலவையை மாற்றாதீர்கள். எண் கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் ஃபைட்டர் பழகிக்கொள்ளும். அடிக்கடி மாறுவதைத்தான் அதனால் தாங்க முடியாது.

• முழுக்க ஆர்.ஓ. அல்லது கேன் தண்ணீரில் வளர்க்காதீர்கள். ‘குடிக்கிற தண்ணியே ஊத்துறேன்’ என்று அன்போடு சொல்கிறார்கள். அதில் மீனுக்கு வேண்டிய தாதுக்களும் போய்விட்டன, பி.எச்.சைத் தாங்கிப் பிடிக்கவும் அதில் ஒன்றும் இல்லை.

• கல் உப்பும் மீன் கடையில் தரும் நீல மருந்தும் தினசரிச் சத்து அல்ல. நோய் வந்தபின், என்ன நோய் என்று தெரிந்தபின் பயன்படுத்த வேண்டியவை அவை.

உள்ளே வைப்பவை

ஃபில்டரைப் பொறுத்தவரை ஒரே பதில்: சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஓர் ஏர் பம்பும். விலை குறைவு, இழுப்பு மிதம், துடுப்பை உறிஞ்சாது. குமிழ்கள் வேகமாக வந்தால் குழாயில் ஒரு சின்ன வால்வு போட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது குழாயில் ஒருவழி வால்வு மாட்டுங்கள். மின்சாரம் நின்றால் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி வந்து பம்புக்குள் புகுந்துவிடும். மின் கம்பி சாக்கெட்டுக்குக் கீழே தொய்ந்து, பிறகு மேலே ஏறட்டும். கம்பியில் வழியும் நீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும்.

செடிகளில் சோம்பேறிக்கும் வளர்பவை அனூபியஸ், ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ். கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிட்டால் போதும்; முதல் இரண்டின் தடித்த தண்டை மணலில் புதைத்தால் அழுகும். மேற்பரப்பை ஒட்டி ஓர் அகலமான இலை வருமாறு கட்டுங்கள், மீன் அதன்மேல் படுத்துக்கொள்ளும். வீட்டில் மணி பிளான்ட் இருந்தால் ஒரு துண்டைத் தொட்டி விளிம்பில் செருகி வேர் மட்டும் தண்ணீரில் இருக்க விடுங்கள். நைட்ரேட்டை அது உறிஞ்சிக்கொண்டு வளரும். விளக்கு நாளுக்கு ஏழெட்டு மணி நேரம் போதும்.

பாதாம் இலையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. நம் தெருவோரங்களில் குடைபோல அடுக்கடுக்காக நிற்கும் நாட்டு வாதுமை மரம்தான். பள்ளி விட்டு வரும்போது கொட்டையை உடைத்துத் தின்ற அதே மரம். தாய்லாந்தில் ஃபைட்டர் வளர்ப்பவர்கள் அதன் உலர்ந்த இலையைத் தலைமுறைகளாகத் தண்ணீரில் போட்டு வருகிறார்கள். நம் கடைகளில் அதையே கவரில் அடைத்துக் காசுக்கு விற்கிறார்கள். மரத்தடியில் தானாக உதிர்ந்து பழுப்பேறிய இலையாகப் பார்த்து எடுங்கள். பச்சை இலை வேண்டாம், சாக்கடையோரம் கிடந்ததும், பூச்சிமருந்து அடித்த தோட்டத்து இலையும் வேண்டாம். கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்தி, 20 லிட்டருக்கு உள்ளங்கை அளவு ஒரு துண்டு போடுங்கள். இரண்டு நாளில் தண்ணீர் வடிகட்டிய டீ நிறத்துக்கு வரும். இலையில் ஊறும் டானின் பி.எச்.சைச் சற்றே இறக்கும், வெளிச்சத்தைத் தணிக்கும், மீன் ஒளிய இடமும் ஆகும். அழுக்குத் தண்ணீர் என்று பார்க்க வருபவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

• கடற்கரை மணல், சிப்பி, பவளத்துண்டு போடாதீர்கள். தண்ணீரின் கடினத்தைக் கூட்டும். சந்தேகமான கல்லில் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல்.

• சாயம் பூசிய கல்லும் கூரான பிளாஸ்டிக் செடியும் வேண்டாம். பழைய நைலான் துணியை அதன்மேல் இழுத்துப் பாருங்கள். துணி சிக்கினால் துடுப்பும் கிழியும்.

• துணைக்கு மீன் விடாதீர்கள். 20 லிட்டரில் ஃபைட்டர் தனியாகத்தான் வாழவேண்டும். கப்பியின் வண்ண வால் அதற்கு இன்னோர் ஆண் ஃபைட்டராகத் தெரியும். ‘தொட்டியைச் சுத்தம் பண்ணும்’ என்று தரும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். தாங்க முடியாமல் அதை ஏரியில் விட்டவர்களால்தான் நம் நீர்நிலைகளில் இன்று மீனவர் வலையில் அது சிக்கிச் சிக்கி வலையைக் கிழிக்கிறது. எந்தத் தொட்டி மீனையும் ஏரியிலோ கோயில் குளத்திலோ விடாதீர்கள்.

• தொட்டி இருக்கும் அறையில் கொசு ஸ்பிரே அடிக்காதீர்கள், கொசுவர்த்தி கொளுத்தாதீர்கள். அவற்றில் இருக்கும், மனிதனை அவ்வளவாகப் பாதிக்காத பைரித்ராய்டு மருந்துகள் மீனுக்குக் கொடிய நஞ்சு. அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுவதுதான் ஏர் பம்பின் வேலை என்பதை நினைத்துப் பாருங்கள். மாநகராட்சியின் கொசுப்புகை அடிக்கும் வண்டியின் சத்தம் கேட்டால் பம்பை நிறுத்தி, சன்னலை அடைத்து, தொட்டியின் மேல் ஈரத்துண்டு போர்த்துங்கள். புகை அடங்கியதும் பம்பைப் போட மறக்காதீர்கள்.

வாரத்துக்கு ஒருநாள்

கால் பங்கு தண்ணீரை, அதாவது ஐந்தாறு லிட்டரை, குழாய் வைத்து அடிமணலிலிருந்து உறிஞ்சி எடுங்கள். அதே சூட்டில், குளோரின் நீக்கிய புதுத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். இவ்வளவுதான் வேலை, பதினைந்து நிமிடம்.

செய்யக்கூடாதது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கமாக இருப்பது: ஞாயிறுதோறும் மீனைக் குவளையில் பிடித்து வைத்துவிட்டு, தொட்டி, கல், ஃபில்டர் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்புவது. என் வீட்டிலும் பல ஆண்டுகள் இதைத்தான் செய்தோம், அதுவும் பாத்திரம் தேய்க்கும் சோப்புப் போட்டு. ஆறு வாரம் வளர்த்ததை அரை மணியில் கொன்றுவிடுகிறோம். பஞ்சு அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிந்து திரும்ப வையுங்கள். குழாயடியில் காட்டாதீர்கள்.

தீனி: ஃபைட்டருக்கென்று வரும் சிறு உருண்டைகள் காலை இரண்டு மூன்று, மாலை இரண்டு மூன்று. வாரம் ஒருநாள் பட்டினி நல்லது. இது பூச்சி தின்னும் மீன்; மேல்நோக்கிய வாயைப் பார்த்தாலே தெரியும். சோறு, பிஸ்கட், கோயில் குளத்தில் போடுவது போலப் பொரி எதுவும் அதற்கு ஆகாது. அவ்வப்போது உறையவைத்த ரத்தப்புழு கொடுக்கலாம். சாக்கடைச் சேற்றில் அள்ளி உயிரோடு விற்கும் டியூபிஃபெக்ஸ் புழு நோயையும் கூடவே கொண்டுவரும். கொசுப்புழு அதற்கு அமிர்தம்தான், ஆனால் அதற்காக மொட்டை மாடியில் டிரம்மைத் திறந்து வைத்து டெங்குவை வளர்க்காதீர்கள்.

மீன்

இங்கேயும் மீன் கடைசியில்தான் வருகிறது. சென்னையில் இருப்பவர்களுக்குக் கொளத்தூர் இருக்கிறது. வரிசையாக வண்ண மீன் கடைகள், பிளாஸ்டிக் டம்ளர்களில் நூற்றுக்கணக்கில் ஃபைட்டர்கள். பல நூறு ஆண்டுகளாக மனிதர் கையில் வளர்ந்து நிறம் மாறிய இனம் இது. தாய்லாந்துக்காரர்கள் இதைப் ‘பிளா கட்’, கடிக்கும் மீன், என்பார்கள். 2019-இல் தங்கள் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டார்கள்.

• ஹாஃப்மூன், கிரவுன்டெயில் வகைகளின் துடுப்பு அழகில் மயங்கினால் தவறில்லை. ஆனால் முதல் மீனாகக் குட்டைத் துடுப்புள்ள பிளாகட் வகையையே பரிந்துரைப்பேன். சுமை குறைவு, நீந்துவது சுறுசுறுப்பு, துடுப்பு அழுகும் நோயும் குறைவு. மார்பிள் வகை வாங்கினால் ஆறு மாதத்தில் வேறு நிறமாக நிற்கலாம், அதற்குத் தயாராக இருங்கள்.

• விரலை டம்ளர் அருகே கொண்டுபோங்கள். திரும்பிப் பார்க்க வேண்டும். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடப்பது, உடலில் உப்புத் தூவியது போன்ற வெள்ளைப் புள்ளி, தங்கத்தூள் போன்ற படலம், அன்னாசிப்பழம் போலச் சிலிர்த்து நிற்கும் செதில், இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

• “அண்ணே, ஒரு உருண்டை போட்டுக் காட்டுங்க” என்று கேளுங்கள். தின்னும் மீனை வாங்குங்கள்.

• பாவம் பார்த்து நோயாளி மீனை வாங்காதீர்கள். எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த டம்ளர் காலியானால் அடுத்த வாரம் அதில் இன்னொன்று வந்து நிற்கும்.

• வீட்டுக்கு வந்ததும் கவரை அப்படியே தொட்டி நீரில் பதினைந்து நிமிடம் மிதக்க விடுங்கள். பிறகு கவரைத் திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீரை உள்ளே ஊற்றுங்கள். அரைமணி கழித்து மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கவரில் உள்ள கடைத் தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள்.

• அன்று விளக்குப் போடாதீர்கள், தீனியும் வேண்டாம். குழந்தைகளை ஒரு நாளைக்குக் கண்ணாடியைத் தட்டாமல் இருக்கச் சொல்லுங்கள். இரவு முழுக்க அது தொட்டியின் ஒவ்வொரு மூலையையும் போய்ப் பார்க்கும், பாதாம் இலைக்கடியில் ஒளியும், மேலே வந்து ஒரு மடக்குக் காற்றைக் குடித்துவிட்டு மறுபடி இறங்கும். காலையில் நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றால், அப்போது இரண்டு உருண்டை போடுங்கள்.